ஷன்ட் வாங்கும்போது வால்வின் விலையைப் பார்ப்பதா, மறு அறுவையின் கணக்கைப் பார்ப்பதா?

இந்தக் கேள்விக்குள் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. ஹைட்ரோகெபலஸுக்கு, அதாவது மூளையில் நீர் கோர்ப்பதற்கு, அந்த நீரை வடிக்க உடலுக்குள் வைக்கும் ஷன்ட் கருவிகளின் சந்தை எப்படி ஓடுகிறது? ஒரே வேலையைச் செய்யும் கருவிகளுக்குள் பத்து இருபது மடங்கு விலை வித்தியாசம் ஏன்? மருத்துவமனைக்கு வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? புதிதாகத் தயாரிப்பில் இறங்க இடமுண்டா? நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

இந்தச் சந்தையை ஓட்டுவது புதிய நோயாளிகள் மட்டுமல்ல. ஏற்கெனவே வைத்த ஷன்ட் கெட்டுப்போவதும் விற்பனையில் பெரிய பங்கு. 1998-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 344 குழந்தைகளுக்கு மூன்று வகை வால்வுகளைக் குலுக்கல் முறையில் வைத்துப் பார்த்தார்கள்: வழக்கமான அழுத்த வால்வு, எழுந்து நிற்கும்போது நீர் அதிகமாக உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் (ஆன்டிசைஃபன்) டெல்டா வால்வு, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஆர்பிஸ்-சிக்மா வால்வு. மூன்றுக்கும் இடையே பேர்சொல்லும் வித்தியாசம் இல்லை. ஒரு வருடம் கழித்துப் பழுதில்லாமல் ஓடியவை 61 சதவீதம், இரண்டு வருடத்தில் 47 சதவீதம். அடுத்த வருடமே, 377 பேரிடம் திறக்கும் அழுத்தத்தை வெளியிலிருந்தே காந்தத்தால் மாற்றக்கூடிய புரோகிராமபிள் வால்வையும் சாதாரண வால்வையும் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. இரண்டு வருடம் தாக்குப்பிடித்தவை முறையே 52, 50 சதவீதம். வைத்ததில் பாதி இரண்டு வருடத்துக்குள் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்கு வரும் கருவி இது. விலைப்பட்டியலைக் கையில் எடுக்கும் முன் இந்த எண்கள் மனதில் இருக்க வேண்டும்.

கருவியைப் பிரித்துப் பார்த்தால்தான் காசு எங்கே போகிறது, பழுது எங்கே வருகிறது என்பது புரியும். பெரியவர் உடலில் மூளைத்தண்டுவட நீர் ஒரு நாளைக்குச் சுமார் 500 மி.லி. சுரக்கிறது, எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது 150 மி.லி. அளவுதான். வடியும் வழி அடைபட்டால், மணிக்கு ஏறக்குறைய 20 மி.லி. வேறு வழியாக வெளியேற வேண்டும். அதற்குத்தான் ஷன்ட். மூளைக்குள் நீர் நிற்கும் அறையான வென்ட்ரிக்கிளுக்குள் போகும் கதீட்டர், அதாவது மெல்லிய குழாய், ஒன்று. வெளிவிட்டம் சுமார் 2.5 மி.மீ., நுனியில் 16 முதல் 32 வரை சிறு துளைகள். பிறகு, ஊசி குத்தி நீர் எடுக்க வசதியாக ஒரு ரிசர்வாயர். அதற்குப் பின் வால்வு. கடைசியில் வயிற்றறைக்குப் போகும் 90 அல்லது 120 செ.மீ. நீளக் குழாய். இவற்றோடு கனெக்டர், தோலுக்கடியில் குழாயை இழுத்துச் செல்லும் டனலர். குழாய் பூராவும் சிலிக்கோன். எக்ஸ்ரேயில் தெரிய பேரியம் கலந்திருக்கும். வயிறு ஒத்துவராதவர்களுக்கு இதய மேலறைக்கோ நுரையீரல் உறைக்கோ கொண்டுபோவார்கள். முதுகுத்தண்டிலிருந்து வயிற்றுக்குப் போகும் லம்போபெரிட்டோனியல் ஷன்ட் ஜப்பானில் முதியவர்களுக்கு அதிகம் வைக்கப்படுகிறது. ஆனாலும் உலகெங்கும் விற்பனையில் முதலிடம் வென்ட்ரிக்கிளிலிருந்து வயிற்றுக்குப் போகும் வி.பி. ஷன்டுக்குத்தான்.

விலை முழுக்க வால்வில் இருக்கிறது. பழுது பெரும்பாலும் வால்வில் இல்லை. இந்த முரண்தான் இந்தச் சந்தையின் அடிப்படை. குழந்தைகளிடம் அடைப்பு அதிகம் வருவது வென்ட்ரிக்கிள் கதீட்டரில், அதாவது செட்டிலேயே விலை குறைந்த பாகத்தில். இந்த நீரைச் சுரக்கும் கோராய்டு பிளெக்சஸ் என்ற திசு துளைகளுக்குள் வளர்ந்து புகுந்துவிடும். ரத்தக்கட்டியும் செல்களும் சேரும். துளைகள் வரிசையாக இருந்தாலும் நீர் எல்லாவற்றிலும் சமமாக நுழைவதில்லை. நுனியிலிருந்து தள்ளி, வால்வுப் பக்கமாக இருக்கும் முதல் இரண்டு மூன்று வரிசைத் துளைகளே பெரும்பகுதி ஓட்டத்தைச் சுமக்கின்றன. அவை அடைபட்டால் மற்றவை திறந்திருந்தும் பயன் குறைவு. துளை அளவைப் படிப்படியாக மாற்றி ஓட்டத்தைப் பகிர்ந்தளிக்கும் கதீட்டர்கள் வந்திருப்பதன் காரணம் இதுவே.

இன்னொரு வகைப் பழுது அதிக வடிதல். வால்வு திறக்கும் அழுத்தம் 5 முதல் 15 செ.மீ. நீர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும்போது சரியாக ஓடும். எழுந்து நின்றதும் தலைக்கும் வயிற்றுக்கும் இடையே 50, 60 செ.மீ. நீர்த்தூண் தொங்குகிறது, அது சைஃபன் போல உறிஞ்சும். 10 செ.மீ.யில் திறக்கும் வால்வுக்கு அந்த இழுப்பைத் தடுக்கும் சக்தி இல்லை. விளைவு, முதியவர்களுக்கு மூளை உறைக்கடியில் ரத்தக்கசிவு; பல வருடம் ஷன்டோடு வளரும் பிள்ளைகளுக்குச் சுருங்கிப்போன வென்ட்ரிக்கிளும் தீராத தலைவலியும். நிற்கும்போது தானே எதிர்ப்பைக் கூட்டும் கிராவிட்டி வால்வு, ஆன்டிசைஃபன் மெம்பிரேன், ஓட்டத்தை மணிக்கு 18 முதல் 30 மி.லி.க்குள் வைக்கப் பார்க்கும் வகை எல்லாமே இதற்குப் பதிலாக வந்தவை. பெரியவர்களில் கிராவிட்டி யூனிட் சேர்த்தால் அதிக வடிதல் குறைகிறது என்பதை ஜெர்மனியில் நடந்த ஸ்வசோனா ஆய்வு காட்டியது. இந்தக் கூடுதல் செலவுக்கு நியாயம் உண்டு. ஆனால் கிராவிட்டி யூனிட்டை உடலின் நேர் அச்சுக்கு இணையாகப் பதிக்க வேண்டும். சாய்த்துப் பதித்தால், நிற்கும்போது தரவேண்டிய எதிர்ப்பைத் தராது. அப்படிப் பதித்துவிட்டு வால்வைக் குறை சொல்வது நடக்கிறது.

இனி விலை. நிலையான அழுத்தத்தில் திறக்கும் சாதா செட் கீழ்ப்படி. அதற்கு மேலே ஆன்டிசைஃபன், ஓட்டக் கட்டுப்பாட்டு வகைகள். உச்சியில் புரோகிராமபிள் வால்வும் அதோடு கிராவிட்டி யூனிட்டும். கீழ்ப்படிக்கும் மேல்ப்படிக்கும் உள்ள தூரத்தை ஒரு நல்ல ஆய்வு அளந்திருக்கிறது. உகாண்டாவில் பெஞ்சமின் வார்ஃப் 195 குழந்தைகளிடம் இரண்டு ஷன்ட்களை ஒப்பிட்டு 2005-ல் வெளியிட்டார். ஒன்று, ஷாஜஹான்பூரில் சர்ஜிவியர் தயாரிக்கும் சாப்ரா ஷன்ட், அப்போதைய விலை 35 டாலர். மற்றது காட்மன்-ஹகீம் மைக்ரோ பிரிசிஷன், 650 டாலர். ஒரு வருட முடிவில் பழுது, தொற்று, இறப்பு எதிலும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. கைக்குழந்தைக்கு முதல் ஷன்ட் வைக்கும் இடத்தில் விலை உயர்ந்த வால்வு கட்டாயம் என்று யாராவது சொன்னால், இந்த ஆய்வை அவர் முன் வைக்கலாம். அதே சமயம் இதை இழுத்து நீட்டவும் கூடாது. ஒரு வருடத்துக்கான முடிவு இது, அதுவும் குழந்தைகளுக்கு. எழுபது வயதுக்காரருக்கு வரும், அழுத்தம் பெரிதாகக் கூடாமலே நீர் கோர்க்கும் நார்மல் பிரஷர் ஹைட்ரோகெபலஸுக்கு இதை ஆதாரமாகக் காட்ட முடியாது. அங்கே புரோகிராமபிள் வால்வின் அழுத்தத்தை மறுபடி அறுவை செய்யாமல் மாற்ற முடிவதே பெரிய வசதி.

விற்பவர்கள் யார்? உலகச் சந்தையில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள்தான். அமெரிக்காவின் மெட்ரானிக், ஸ்ட்ராட்டா வரிசையோடு. இன்டெக்ரா லைஃப்சயின்சஸ், காட்மன் வரிசையோடு. ஜெர்மனியில் பொட்ஸ்டாமில் 1992-ல் தொடங்கிய மீத்கே, ஏஸ்குலாப் - பி. பிரவுன் வழியாக விற்கிறது. பிரான்சின் சோஃபிசா, போலாரிஸ் வால்வோடு. இவை தவிர, குறைந்த விலையில் செய்யும் பிராந்தியத் தயாரிப்பாளர்கள். சந்தை எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு 2017 நல்ல சான்று. அந்த வருடம் ஜான்சன் அண்ட் ஜான்சனிடமிருந்து காட்மன் நியூரோசர்ஜரியைச் சுமார் 104 கோடி டாலருக்கு இன்டெக்ரா வாங்கியது. போட்டி குறைந்துவிடக் கூடாது என்பதற்காகத் தன்னிடமிருந்த நிலையான அழுத்த ஷன்ட்கள் உட்படச் சில பொருள் வரிசைகளை நேடஸ் மெடிக்கலுக்கு விற்க வேண்டிவந்தது. உங்கள் கிடங்கில் இருக்கும் பழைய பெட்டியின் பேரும் இன்று அந்தப் பொருளுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பேரும் ஒன்றாக இல்லாமல் போகக் காரணம் இப்படிப்பட்ட கைமாற்றங்களே. பழைய வால்வுக்கு உதிரியோ, பழுதுக்காகத் திரும்பப் பெறும் ரீகால் தகவலோ தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

புரோகிராமபிள் வால்வு வாங்குகிறவர்கள் கவனிக்கத் தவறுவது புரோகிராமரை, அதாவது வால்வின் நிலையைத் தோலுக்கு மேலிருந்தே படித்து மாற்றும் கருவியை. ஒவ்வொரு நிறுவனத்தின் வால்வுக்கும் அதனதன் புரோகிராமர்தான் பொருந்தும். காட்மன்-ஹகீமில் 30 முதல் 200 மி.மீ. நீர் வரை 10 மி.மீ. இடைவெளியில் 18 நிலைகள். ஸ்ட்ராட்டாவில் 0.5 முதல் 2.5 வரை ஐந்து. போலாரிஸில் 30, 70, 110, 150, 200 என்று ஐந்து. காட்மன் வரிசையின் இன்னொரு வால்வான செர்ட்டாஸ் பிளஸில் எட்டு. எட்டாவது நிலை ஏறக்குறைய மூடிய நிலை. மீத்கே ப்ரோகாவ் 0 முதல் 20 செ.மீ. வரை. ஒன்றின் கருவியால் இன்னொன்றைப் படிக்கவோ மாற்றவோ முடியாது. புரோகிராமரை இலவசமாகக் கொடுத்து, பதிலுக்கு வருடத்துக்கு இத்தனை வால்வு என்று ஒப்பந்தம் போடுவது இந்த வியாபாரத்தில் சாதாரணம். மூன்று வருடம் கழித்து வேறு நிறுவனத்துக்கு மாறினாலும், ஏற்கெனவே தலைக்குள் வால்வு வைத்துக்கொண்டிருக்கும் நோயாளிகள் இருபது வருடம் வந்துகொண்டிருப்பார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் புரோகிராமரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும் ஷரத்து இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. விஷயமும் இதோடு சேர்ந்தது. பழைய தலைமுறைப் புரோகிராமபிள் வால்வுகள் ஸ்கேன் காந்தத்தில் நிலை மாறிவிடும். ஸ்கேன் முடிந்ததும் சரிபார்த்துத் திரும்ப வைத்தே அனுப்ப வேண்டும். பூட்டு அமைப்போடு வரும் புதியவை 3 டெஸ்லா வரை நிலை மாறாதவை என்று சான்று பெற்றவை. ஸ்கேன் மையத்தில் ஞாயிற்றுக்கிழமை இரவு புரோகிராமரும் அதை இயக்கத் தெரிந்தவரும் இருப்பார்களா என்று யோசித்துவிட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பூட்டுள்ள வால்வின் கூடுதல் விலை வீண் செலவு ஆகாது. வீட்டில் காந்த பொம்மை, ஹெட்போன், காந்த மூடியுள்ள டேப்லெட் போன்றவற்றை வால்விலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்லி டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுத வேண்டும்.

வாங்கும் முடிவில் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு: கையில் கூடுதலாக ஒரு தொகை இருந்தால் அதை முதலில் வால்வில் போடாதீர்கள், ஆன்டிபயாட்டிக் ஊறிய கதீட்டரில் போடுங்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1605 பேரிடம் நடந்த பேசிக்ஸ் ஆய்வு 2019-ல் லான்செட் இதழில் வந்தது. முதல்முறை ஷன்ட் வைத்தவர்களில், சாதா கதீட்டரில் தொற்று 6 சதவீதம், வெள்ளி கலந்ததிலும் 6 சதவீதம், ஆன்டிபயாட்டிக் ஊறியதில் 2 சதவீதம். வெள்ளி என்ற பேருக்காகக் கூடுதல் காசு கொடுக்க ஆதாரம் இல்லை. ஆன்டிபயாட்டிக் வகைக்கு ஆதாரம் பலமாக இருக்கிறது. இந்தக் கதீட்டர்களில் பரவலாகத் தெரிந்த பாக்டிசீலில் ரிஃபாம்பிசின் 0.054 சதவீதமும் கிளிண்டாமைசின் 0.15 சதவீதமும் இருக்கிறது. நிறம் ஆரஞ்சு. தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் இனங்களே ஷன்ட் தொற்றுக்கு முதல் காரணம் என்பதால் இந்தக் கூட்டு வேலை செய்கிறது. கிராம் நெகட்டிவ் என்ற வேறு வகைக் கிருமிகளுக்கு இதை நம்ப முடியாது. இந்த மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு வைக்கவும் கூடாது.

இதை உங்கள் எண்களிலேயே போட்டுப் பார்க்கலாம். 6-லிருந்து 2-க்கு இறங்கினால் நூறு பேருக்கு நான்கு தொற்று குறைகிறது. அதாவது 25 கதீட்டருக்கு ஒரு தொற்று தடுக்கப்படுகிறது. ஒரு தொற்று வந்தால் என்னென்ன செலவு? ஷன்டை எடுக்க ஓர் அறுவை. வெளி வடிகால் செட். ஒன்று முதல் இரண்டு வாரம், சில சமயம் அதற்கும் மேல், நரம்பு வழி மருந்தும் படுக்கையும். கல்ச்சர் பரிசோதனைகள். புதிய ஷன்ட், மறுபடி ஓர் அறுவை. எல்லாவற்றையும் கூட்டி 25-ஆல் வகுங்கள். ஒரு நோயாளிக்குக் கூடுதலாகக் கொடுக்க நியாயமான உச்ச விலை அதுதான். நோயாளியின் துன்பத்தைக் கணக்கில் சேர்க்காமலே பெரும்பாலான இடங்களில் ஆன்டிபயாட்டிக் கதீட்டர் லாபமாகவே வரும். உங்கள் மருத்துவமனையின் தொற்று விகிதம் 6-க்கு மேலே என்றால் இன்னும் லாபம். அந்த விகிதமே கையில் இல்லையென்றால் டெண்டருக்கு முன் கடந்த இரண்டு வருடப் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

காசே செலவாகாத வழியும் இருக்கிறது. வட அமெரிக்காவின் ஹைட்ரோகெபலஸ் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு, தியேட்டரில் எல்லோரும் ஒரே வரிசையில் செய்யும் படிகளை வகுத்தது. கதவில் அறிவிப்பு வைத்து நடமாட்டத்தைக் குறைப்பது, கீறலுக்கு முன் ஆன்டிபயாட்டிக், தோல் தயாரிப்பு, இரட்டைக் கையுறை போன்றவை. இதனால் தொற்று 8.8-லிருந்து 5.7 சதவீதமாக இறங்கியதை 2011-ல் பதிவு செய்தார்கள். விலை உயர்ந்த வால்வு எதுவும் காட்டாத முன்னேற்றம் இது.

டெண்டர் குறிப்பில் என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘மீடியம் பிரஷர்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு நிறுவனத்தின் மீடியமும் இன்னொன்றின் மீடியமும் ஒரே அழுத்தம் அல்ல. மி.மீ. நீர் அளவில் எல்லை கேளுங்கள். எந்த ஓட்ட வேகத்தில் அளந்தது என்று அழுத்தம்-ஓட்டம் வரைபடமும் கேளுங்கள். ஐ.எஸ்.ஓ. 7197 தரத்துக்கு உட்பட்ட பரிசோதனை அறிக்கை வேண்டும். கைக்குழந்தைகளுக்குத் தட்டையான, உயரம் குறைந்த வால்வு தனியாக வேண்டும். பெரிய வால்வை மெல்லிய தோலுக்கடியில் வைத்தால் தோல் அரித்து வால்வு வெளியே எட்டிப் பார்க்கும். வயிற்றுக் குழாய் முனை திறந்ததாக இருக்கட்டும். முனையில் கீறல் வால்வு உள்ள குழாய்கள் அந்தக் கீறலிலேயே அடைத்துக்கொள்கின்றன. கனெக்டர் சேர்க்கும் இடங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பல வருடத்தில் கழுத்துப் பகுதிக் குழாய் சுண்ணாம்பு படிந்து இறுகி உடைவதும், கனெக்டரில் கழன்றுபோவதும் வளரும் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கும் பழுது. எம்.ஆர்.ஐ. நிபந்தனைகள் எழுத்தில் வேண்டும். எக்ஸ்ரேயில் வால்வின் வகையையும் நிலையையும் எப்படி அடையாளம் காண்பது என்ற படமும் செட்டோடு வர வேண்டும்.

ஸ்டாக்கில் ஒரு பொதுத் தவறு: முழு செட்களை மட்டும் வாங்கி வைப்பது. மறு அறுவையில் பெரும்பாலும் தேவைப்படுவது வென்ட்ரிக்கிள் கதீட்டர் மட்டும், அல்லது வயிற்றுக் குழாய் மட்டும். தனிப் பாகம் இல்லாததால் முழு செட்டைப் பிரித்து மீதியைத் தூக்கிப் போடுகிறார்கள். தனிக் கதீட்டர்கள், நேர் கனெக்டர், ரிசர்வாயர் எல்லாம் அலமாரியில் தனியாக இருக்கட்டும். ஆன்டிபயாட்டிக் கதீட்டரை மெதுவாக ஓடும் இடத்தில் மொத்தமாக வாங்காமல், பயன்படுத்திய பிறகே காசு கொடுக்கும் கன்சைன்மென்ட் முறையில் வைக்கச் சொல்லுங்கள். காலாவதி நஷ்டம் அப்போது டிஸ்ட்ரிபியூட்டருடையது.

கருவி நல்லதாக இருந்தும் கையாளும்போது கெடும் விதங்களும் வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புகார் கடைசியில் அவரிடம்தான் வரும். சிலிக்கோனில் நிலைமின்சாரம் இருப்பதால் துணி நூலும் கையுறைத் தூளும் சட்டென்று ஒட்டும். அதனால் பவுடர் இல்லாத கையுறை, கடைசி நிமிடத்தில் பெட்டியைப் பிரிப்பது. பல் வைத்த கவ்வியால் குழாயைப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத வெட்டு விழும். ரப்பர் உறை போட்ட கவ்விதான் சரி. வால்வைக் கிருமி நீக்கிய சலைனால் அம்புக்குறித் திசையில் மெதுவாக நிரப்பிக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். வேகமாக அழுத்தினால் நுண்பாகங்கள் கெடும். கனெக்டரில் கரையாத நூலால் கட்டும்போது குழாயை அறுக்கும் அளவு இறுக்கக் கூடாது. ரிசர்வாயரில் குத்த 23 அல்லது 25 கேஜ் ஊசிதான்; தடித்த ஊசி ஓட்டையை விட்டுவிடும். ஆன்டிபயாட்டிக் கதீட்டரை வேறு கரைசலில் ஊறவைப்பது பற்றி அதன் கையேடு என்ன சொல்கிறதோ அதை மீறக் கூடாது.

தேவை எந்தப் பக்கம் போகிறது? உலகில் வருடத்துக்கு ஏறக்குறைய 4 லட்சம் குழந்தைகளுக்குப் புதிதாக ஹைட்ரோகெபலஸ் வருகிறது என்று 2018-ல் வந்த மதிப்பீடு சொல்கிறது. பெரும்பகுதி வருமானம் குறைந்த நாடுகளில். அதாவது தேவை அதிகமுள்ள இடமும் காசு அதிகமுள்ள இடமும் வேறு வேறு. குழந்தைகள் பக்கத்தில் ஷன்டின் தேவையைக் குறைக்கும் காரணங்களும் வளர்கின்றன. மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதால் முதுகுத்தண்டுக் குறைபாடு குறைகிறது. கருவிலேயே அந்தக் குறைபாட்டைச் சரிசெய்தால் முதல் வருடத்தில் ஷன்ட் தேவைப்படுவது 82-லிருந்து 40 சதவீதமாகக் குறைந்தது என்று 2011-ல் மாம்ஸ் ஆய்வு காட்டியது. எண்டோஸ்கோப் வழியே மூன்றாவது வென்ட்ரிக்கிளின் தளத்தில் துளையிட்டு நீருக்கு வழிவிடும் இ.டி.வி.யில் கருவி எதையும் உள்ளே விடுவதில்லை. உகாண்டாவில் நூறு கைக்குழந்தைகளிடம், கோராய்டு பிளெக்சஸைச் சுடுவதையும் சேர்த்து இ.டி.வி. செய்ததும் ஷன்டும் ஒரு வருடத்தில் குழந்தையின் அறிவு வளர்ச்சியில் ஏறக்குறைய சமமாகவே நின்றன. அவசரத்துக்கு மருத்துவமனைக்கு வந்து சேர முடியாத குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். நடு இரவில் ஷன்ட் அடைத்தால் அந்தக் குழந்தைக்கு நேரமில்லை.

வளர்ச்சி இருப்பது முதியவர்கள் பக்கம். நடை தடுமாற்றம், மறதி, சிறுநீர் அடக்க முடியாமை என்று வரும் நார்மல் பிரஷர் ஹைட்ரோகெபலஸ் எவ்வளவு பரவலானது என்று ஸ்வீடனில் எண்ணிப் பார்த்தபோது, எழுபதுகளில் இருப்பவர்களில் 0.2 சதவீதமும் எண்பதைத் தாண்டியவர்களில் 5.9 சதவீதமும் தேறினார்கள். பலருக்கு நோயே கண்டறியப்படுவதில்லை. வயோதிகம், பார்கின்சன் என்று விட்டுவிடுகிறார்கள். ஷன்ட் உண்மையில் உதவுகிறதா என்ற நீண்ட நாள் சந்தேகத்துக்கு 2025-ல் வந்த பென்ஸ் ஆய்வு நல்ல பதில். எல்லோருக்கும் வால்வு வைத்தார்கள். ஒரு பாதிக்குத் திறந்த நிலை, மறு பாதிக்கு ஏறக்குறைய மூடிய நிலை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் திறந்த வால்வுக்காரர்களின் நடைவேகம் விநாடிக்கு 0.23 மீட்டர் கூடியது, மற்றவர்களுக்கு 0.03. புரோகிராமபிள் வால்வு இருந்ததால்தான் இப்படி ஓர் ஆய்வையே நடத்த முடிந்தது. விலை உயர்ந்த வால்வுக்கு மிக வலுவான வாதம் இந்த நோயாளிகள்தான்.

சந்தை அறிக்கைகளைப் படிக்கும்போது எதை எண்ணியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். சிலர் வால்வை மட்டும் எண்ணுகிறார்கள். சிலர் முழு செட். இன்னும் சிலர் தற்காலிக வெளி வடிகாலையும் அழுத்த மானிட்டரையும் சேர்த்துவிடுகிறார்கள். அதனால் இரண்டு அறிக்கைகளின் மொத்தத் தொகைகளை ஒப்பிட்டு வளர்ச்சி விகிதம் போடுவதில் அர்த்தமில்லை. கருவி விற்பனை எவ்வளவு சின்னது என்று புரிய ஒரு அளவுகோல்: அமெரிக்காவில் 2003-ல் குழந்தைகளின் ஹைட்ரோகெபலஸ் சேர்க்கைகள் 38,000-க்கு மேல், மருத்துவமனைக் கட்டணம் 140 முதல் 200 கோடி டாலர். கருவியின் பங்கு அதில் சிறு துண்டு. மீதி படுக்கை, ஸ்கேன், அறுவை, மறு அறுவை.

தயாரிப்பில் இறங்க நினைப்பவருக்கு: சாதா அழுத்த வால்வைச் செய்வது முடியாத காரியம் இல்லை. 1956-ல் பிலடெல்பியாவில் ஜான் ஹோல்டர் என்ற மெஷினிஸ்ட், மகனின் நோயைப் பார்த்து, கீறலிட்ட சிலிக்கோனை வைத்துச் செய்த வால்வுதான் பல வருடம் உலகெங்கும் ஓடியது. கஷ்டம் வேறு இடத்தில். அமெரிக்காவில் ஷன்ட் இரண்டாம் வகுப்புக் கருவி. ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒன்றுக்கு இணையானது என்று காட்டி 510(கே) வழியாகப் போகலாம். ஐரோப்பாவில் மத்திய நரம்பு மண்டலத்தைத் தொடுவதால் மூன்றாம் வகுப்பு, மிகக் கடுமையானது. பழைய சான்றோடு விற்பவர்களுக்கு அங்கே 2027 டிசம்பர் வரைதான் அவகாசம். விற்பனை குறைந்த அளவுகளையும் வகைகளையும் சில தயாரிப்பாளர்கள் அதற்குள் நிறுத்தக்கூடும் என்பதால், அரிதாகப் பயன்படுத்தும் வகையை நம்பியிருப்பவர்கள் இப்போதே மாற்று பார்த்துவைப்பது நல்லது.

மூலப்பொருளும் அப்படித்தான். நீண்ட நாள் உடலுக்குள் இருக்கத் தகுந்த சிலிக்கோனை விற்பவர்கள் மிகச் சிலர். 1990-களில் மார்பக இம்பிளான்ட் வழக்குகளுக்குப் பயந்து சப்ளையர்கள் பின்வாங்கியபோது ஷன்ட் போன்ற உயிர்காக்கும் கருவிகளே கிடைக்காமல் போகுமோ என்ற நிலை வந்தது. மூலப்பொருள் விற்பவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்து 1998-ல் அமெரிக்கா தனிச் சட்டமே போட்டது. சிலிக்கோனுக்கு இரண்டாவது சப்ளையரை முதல் நாளிலிருந்தே தகுதிப்படுத்தி வையுங்கள். பின்னால் மாற்றினால் உயிர்ப்பொருத்தப் பரிசோதனைகளை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

புதிய வால்வு ஒன்றைக் கண்டுபிடித்துத்தான் நுழைய வேண்டும் என்றில்லை. இடம் காலியாக இருப்பது மூன்று இடங்களில்: திசு புகுந்து அடைக்காத வென்ட்ரிக்கிள் கதீட்டர், குறைந்த விலையில் ஆன்டிபயாட்டிக் கதீட்டர், அடைத்திருக்கிறதா இல்லையா என்று தோலுக்கு மேலிருந்தே சொல்லும் சென்சார். மூன்றாவதில் மீத்கேயின் எம்.சியோ போன்ற அழுத்த சென்சார்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. விலைதான் பரவலைத் தடுக்கிறது. தலையைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியே வைக்கும் செரிவாஸ்க்கின் ஈ-ஷன்ட் மருத்துவ ஆய்வுகளில் இருக்கிறது. அது நிலைபெற்றால் முதியவர்கள் பக்கத்து விற்பனை நியூரோசர்ஜனிடமிருந்து, ரத்தக்குழாய் வழிச் சிகிச்சை செய்யும் கேத் லேபுக்கு நகரும். எந்தப் பொருளோடு நுழைந்தாலும் ஒரு வருடத் தாக்குப்பிடிப்பு விகிதத்தை நோயாளிப் பதிவேட்டிலிருந்து காட்டத் தயாராக இருங்கள். செட்டோடு நோயாளிக்கான அட்டையும், மாதிரி, வரிசை எண், வைத்த அழுத்த நிலை அச்சிட்ட மூன்று ஸ்டிக்கர்களும் கொடுங்கள்: ஒன்று கேஸ் ஷீட்டில், ஒன்று பதிவேட்டில், ஒன்று நோயாளியின் அட்டையில்.